ஒளிரும் பாலிமர் தகட்டோடு நாலு வருடம்

கோவைக்கு வெளியே ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை எனக்கு. டிஎன்டி வகை வெடிபொருளின் ஆவியை மோப்பம் பிடிக்கும் பாலிமரை, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறை, கண்ணாடித் தகட்டில் பூசி, நாலு வருடமாகப் புழங்கி வருகிறேன். நிஜ டிஎன்டி எங்கள் கைக்கு வராது. ஆவியை வெளியே உறிஞ்சும் ஃபியூம் ஹுட் பெட்டிக்குள், டிஎன்டி போலவே நைட்ரோ வகையான நைட்ரோபென்சீனை வைத்துத்தான் சோதனை.

365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் தகடு நீலப்பச்சையாக மின்னும். நைட்ரோபென்சீன் குப்பியின் வாயருகே கொண்டுபோனால் கண்ணெதிரே மங்கும். நைட்ரோ மூலக்கூறுக்கு எலக்ட்ரான் பசி. பாலிமர் வாங்கிய ஆற்றல் ஒளியாக வெளிவருமுன் எலக்ட்ரானைப் பிடுங்கிவிடும். அந்த ஆற்றல் சங்கிலி நெடுக ஓடுவதால், எங்கோ ஓரிடத்தில் ஒரு மூலக்கூறு ஒட்டினாலே போதும். மாரியம்மன் நோம்பிக்குக் கட்டுகிற சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே அணையுமே, அப்படி. அமெரிக்காவின் எம்ஐடியில் வேதியியலாளர் டிமோதி ஸ்வேகர் குழு 1990களில் காட்டிய வழி இது. சங்கிலிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளாமல் இருக்கப் பென்டிப்டிசீன் என்ற பருத்த வளையங்களைக் கோத்தார்கள். ஆவி நுழைய சந்தும் கிடைத்தது.

பூச்சு தடித்தால் போச்சு. ஆவி மேலாக நின்றுவிடும், அடிப்பகுதி பாட்டுக்கு மின்னிக்கொண்டிருக்கும். விளக்கை அணைக்க மறந்தாலும் வெயிலில் காய்ந்த சாயத்துணி மாதிரி வெளுத்துவிடும். இப்போது அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வைக்கிறேன். ஒரு முறை வந்த பாலிமர் பாதி செத்தே வந்தது. விற்றவர் மாற்றித் தரவில்லை.

நான் நன்றாக ஏமாந்தது திருப்பூர்ச் சாயத்தண்ணீரில். நண்பர் ஒரு கேனில் கொண்டுவந்தார். தகட்டை முக்கியதும் ஒளி சட்டென்று படுத்தது. நைட்ரோ சேர்மம் சிக்கியது என்று துள்ளினேன். அப்புறம் தகட்டைக் கழுவிப் பார்த்தால் பழையபடி மின்னுகிறது! தண்ணீரின் நிறமே விளக்கொளியை விழுங்கியிருக்கிறது. அன்றைய குறிப்பேட்டுப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை.

ஊரில் கிணற்று வெடி வைக்கும் மாமா கேட்டார்: “ஏனுங் மாப்ள, நம்ம குவாரி மருந்தையும் இது காட்டுமுங்களா?” அதில் இருக்கிற அம்மோனியம் நைட்ரேட் வேறு சாதிங்க மாமா, அதற்கு வேறு கருவி வேணும் என்றேன். “அப்புறம் எதுக்குங் இத்தன பாடு” என்று சிரித்தார்.

நிறமுள்ள தண்ணீர் வந்தால் இப்போது தகட்டை முக்குவதே இல்லை. மேலே நிற்கும் ஆவியை மட்டும் காட்டுகிறேன், ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வெறும் தண்ணீர் மேல் இன்னொரு தகடு.