படுக்கை அலாரமா, ரேடாரா, கேமராவா?

நம்மூரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அது முதியவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கும் பராமரிப்பு இல்லம். அங்கே ஆள் விழுவதைத் தடுக்கக் கருவி வாங்குவோர், சி.எம்.எஸ் (இந்த இல்லங்களுக்கு விதி வகுக்கும் அமெரிக்க அரசு அமைப்பு) ஆய்வாளர் என்ன கேட்பார் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

விலை குறைவு படுக்கை அலாரம்தான், அதாவது சென்சார் பேட். விரிப்புக்கு அடியில் போட்டு ஒயரைச் செருகினால் வேலை முடிந்தது. எடை விலகினால் கத்தும். விலகிய பிறகுதான் கத்தும் என்பதே சிக்கல். இடுப்புக்கு அடியில் போட்டால், ஊழியர் ஓடி வருவதற்குள் ஆள் எழுந்து நின்றிருப்பார். தோளுக்கு அடியில் போட்டால் கொஞ்சம் முன்னதாகத் தெரியும், ஆனால் புரண்டு படுத்தாலே அலறும். காற்று மெத்தையில் இன்னும் மோசம். பேடுக்குக் காலாவதி உண்டு. 30 நாள் பேடை மூன்று மாதம் ஓட்டினால் வேண்டிய நேரத்தில் ஊமையாகிவிடும். 2012இல் வெளியான ஒரு மருத்துவமனை ஆய்வில், 27,000க்கு மேற்பட்ட உள்நோயாளிகளிடையே அலாரம் பயன்பாட்டைக் கூட்டியும் விழுவது குறையவில்லை.

சத்தத்துக்குப் பயந்து ஒருவர் அசையாமல் கிடந்தால், அந்த அலாரமே கட்டிப்போடும் கருவியாகக் கருதப்படலாம். ஆய்வாளரின் அறிக்கையில் எஃப் 604 (கட்டிப்போடுதல் பற்றிய விதி) என்ற எண்ணில் குறை வரும். ஒலியை அறையில் அணைத்து ஊழியரின் பேஜருக்குத் திருப்புவது நல்லது. அப்போதும், அங்கே தங்கியிருப்பவரின் நிலையைப் பதியும் எம்.டி.எஸ் படிவத்தில் P0200 என்ற இடத்தில் அலாரத்தைப் பதிய வேண்டும்.

ரேடார், ரேடியோ அலையால் அசைவை அறியும் கருவி. அதில் படம் விழாது, இருட்டிலும் வேலை செய்யும். இரண்டு கட்டில் அறையில் யார் எழுந்தார் என்று குழம்பும்.

கேமராவின் பலம் விழுந்த பிறகுதான் தெரியும். தரையில் கிடந்தவரை யாரும் பார்க்கவில்லை என்றால், வேறு சான்று இல்லாதவரை அது விழுதல்தான். தலை அடிபட்டதா என்றும் தெரியாது. அதனால் கண்பாவை, நினைவு, ரத்த அழுத்தம் என்று மணிக்கணக்கில் சோதனை. பதிவு இருந்தால், வழுக்கி உட்கார்ந்தாரா, தலை மோதியதா என்று கண்ணால் பார்க்கலாம். ஆனால் பாதியில் தாங்கிப் பிடித்தாலும் எம்.டி.எஸ் கணக்கில் அது விழுதலே. முன்பு கண்ணில் படாதவையும் கேமராவில் தெரியும், அதனால் கேமரா வந்ததும் எண்ணிக்கை ஏறினால் பதற வேண்டாம்.

அந்தரங்கம்தான் கேமராவின் பெரிய செலவு. எழுத்தில் சம்மதம், பக்கத்துக் கட்டில்காரரிடமும். உடை மாற்றும்போது அணைக்கும் வசதி. பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழிப்பது என்ற விதி. இவை இல்லாவிட்டால் எஃப் 583இல் (அந்தரங்கம் பற்றிய விதி) மாட்டும்.

எதையும் வாங்கும் முன் இரண்டு வாரம் விழுந்த நேரத்தையும் இடத்தையும் குறித்துப் பாருங்கள். விடியற்காலை 5 மணிக்குக் கழிப்பறை வாசலில்தான் அதிகம் என்றால், ஊழியர் 4:30க்கே அழைத்துப் போகட்டும். அந்த அறைக்குக் கருவியே தேவைப்படாமல் போகலாம்.