மலிவு விலை வெல்டிங் இயந்திரம்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

சிங்கப்பூரின் செம்பவாங்கில் உள்ள எங்கள் தரைவீட்டு இரும்பு கேட்டின் கீழ்க் கீல் துருப்பிடித்து முறிந்தபோது, வந்து பார்த்த ஒப்பந்தக்காரர் அதைச் சரிசெய்ய 280 வெள்ளி கேட்டார். அந்த வாரமே இணையத்தில் 138 வெள்ளிக்கு ஒரு சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் இயந்திரத்தை வாங்கினேன். கீலை நானே ஒட்டினேன். அதன்பின் பூந்தொட்டித் தாங்கி, துணி காயப்போடும் கம்பிச் சட்டம், மிதிவண்டி நிறுத்தும் சட்டம் எனப் பல வேலைகளை அது செய்து தந்திருக்கிறது. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் "வாங்கலாம்" என்பதே. ஆனால் 138 வெள்ளியோடு செலவு முடியும் என்று எண்ணி வாங்கக் கூடாது.

முதலில் ஆம்பியர் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். என் இயந்திரத்தின் மேல் '200 ஆம்பியர்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். நம் வீட்டுச் சுவரில் இருப்பதோ 230 வோல்ட், 13 ஆம்பியர் பிளக்பாயின்ட். அதிலிருந்து தொடர்ந்து எடுக்கக்கூடியது ஏறத்தாழ 3,000 வோல்ட்-ஆம்பியர் மட்டுமே. மலிவான இன்வெர்ட்டர்களில் பவர் ஃபேக்டர் (எடுக்கும் மின்சாரத்தில் பயனாகும் பங்கு) 0.7 அளவில்தான் இருக்கும் என்பதால், அதில் 2,000 வாட்டைச் சற்றே தாண்டிய அளவே உண்மையான ஆற்றலாக உள்ளே போகிறது, அதிலும் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. 80 ஆம்பியரில் எரியும் ஆர்க்குக்கு (இரும்பை உருக்கும் மின்சுடருக்கு) ஏறத்தாழ 23 வோல்ட் தேவை, அதாவது 1,850 வாட். ஆகவே பெட்டியில் எந்த எண் எழுதியிருந்தாலும், சாதாரண பிளக்கிலிருந்து நிம்மதியாக எடுக்கக்கூடியது 75 முதல் 80 ஆம்பியர் வரைதான். இதற்கு 2.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெல்டிங் குச்சி (உருகி ஒட்டும் பூச்சிட்ட கம்பி) நன்றாக ஓடுகிறது, 3.2 மில்லிமீட்டர் குச்சிக்கு இது போதாது. கேட், சட்டம், தாங்கி போன்றவற்றுக்கு 2.6 போதும் என்பதால் இந்தக் குறை என்னைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. உண்மையான சிரமம் மெல்லிய சதுரக் குழாயில்தான் வந்தது: 1.2 மில்லிமீட்டர் குழாயில் 2.6 குச்சியை வைத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓட்டை விழுகிறது. 2.0 குச்சியை 40 ஆம்பியர் அளவில் வைத்துப் புள்ளி புள்ளியாக ஒட்டுவதற்குப் பழக எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

இயந்திரத்தோடு வந்த உதிரிப் பொருள்கள்தாம் பெரும் ஏமாற்றம். இரண்டு முனைப் பிளக் வந்தது. அதை அடாப்டரில் செருகாமல் வெட்டி எறிந்துவிட்டு, பாதுகாப்பு முத்திரை பெற்ற 13 ஆம்பியர் மூன்று முனைப் பிளக்கை எர்த் கம்பியோடு பொருத்தினேன். ஒட்டும் இரும்பைக் கவ்வும் எர்த் கிளாம்ப் மெல்லிய தகட்டால் ஆனது. நான்காவது குச்சி எரிந்து முடிந்தபோது அதைத் தொட முடியாத அளவுக்குச் சூடாகியிருந்தது, கேபிளின் உறை அதன் கழுத்தருகே இளகிப் பளபளத்தது. வெட்டிப் பார்த்தேன்: உள்ளே இருந்தது செம்பு அன்று, செம்புப் பூச்சிட்ட அலுமினியம். ஜாலான் புசாரில் ஒரு கடையில் பித்தளைக் கிளாம்பும் செம்புக் கேபிளும் வாங்கி மாற்றியபின் ஆர்க் விட்டுவிட்டு அணைவது நின்றது. அதுவரை அதை என் கையின் குறை என்றே நினைத்திருந்தேன். நீட்டிப்புக் கம்பி தேவையென்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை வாங்கி, சுருளை முழுவதும் அவிழ்த்துவிட்டே பயன்படுத்த வேண்டும்; சுருட்டிய நிலையில் அது சூடேறி உருகும்.

முகமூடியில் நான் செய்த தவறுக்கு ஓர் இரவுத் தூக்கத்தை இழந்தேன். தானாக இருளும் மலிவான முகமூடியில் வெளிச்சத்தை உணரும் இரண்டு சென்சார்கள் மட்டுமே இருந்தன. கேட் கம்பிகளுக்கு இடையே தலையை நுழைத்து வேலை செய்தபோது கம்பி அவற்றை மறைக்க, கண்ணாடி இருளாமல் சில முறை வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்தது. தரமான கண்ணாடி இருளாதபோதும் புறஊதாக் கதிரைத் தடுக்கும்; என்னுடையது தடுக்கவில்லை போலும். அப்போது ஒன்றும் தெரியவில்லை. நள்ளிரவில் இரு கண்களிலும் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தி, நீர் வழிந்தது. மறுநாள் மருத்துவரிடம் சென்றுவந்தபின், 95 வெள்ளிக்கு நான்கு சென்சார்கள் உள்ளதை வாங்கினேன்.

கப்பல் பட்டறையில் வெல்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் தாய்மாமா அதன்பின் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து அருகில் நின்று கற்றுக்கொடுத்தார். "வெளிச்சத்தப் பாக்காத மாப்பிள்ள, அதுக்குப் பின்னால உருகி ஓடுற குழம்பப் பாரு" என்று அவர் சொன்ன பிறகுதான் என் ஒட்டு நேராக வந்தது. கசடைத் தட்டியபோது அடியில் மீன் செதில்போல் அடுக்கடுக்காக அமைந்திருந்த அந்த வரியை நான் வெகுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் ஊரின் ஈரப்பதத்தை இரண்டு இடங்களில் எண்ணிப் பார்க்க வேண்டும். திறந்த குச்சிப் பொட்டலத்தை டிசம்பர் மழையில் போர்ச்சிலேயே விட்டுவைத்தேன். பூச்சு ஈரம் இழுத்து, ஒட்டில் ஊசித் துளைகள் விழுந்தன. இப்போது 6013 என்ற வகைக் குச்சிகளை ஒரு கிலோ கட்டாக மட்டும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். 7018 வகைக் குச்சிகளை 300 பாகை செல்சியஸுக்கு மேல் சுட வைத்துப் பயன்படுத்த வேண்டியிருப்பதால் வீட்டுக்கு அவை வேண்டாம். இரண்டாவது, வியர்வை. ஆர்க் இல்லாதபோது குச்சியைப் பிடிக்கும் ஹோல்டரில் 60 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அது சுவர் மின்சாரத்திலிருந்து தனித்த சுற்று என்பதால், அதில் அதிர்ச்சி பட்டால் வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) விழாது. நனைந்த கையுறையோடு குச்சி மாற்றக் கூடாது.

இருபத்தாறாவது மாதத்தில் உள்ளிருக்கும் மின்விசிறி நின்று, அதிகச் சூட்டைக் காட்டும் விளக்கு எரியத் தொடங்கியது. விற்றவரிடமிருந்து பதில் இல்லை. மின்தேக்கிகளில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கும் என்பதால், பிளக்கைக் கழற்றி ஒரு நாள் விட்டு, மீட்டரால் சோதித்த பிறகே மூடியைத் திறந்தேன். கிரைண்டரின் இரும்புத் தூள் விசிறியை அடைத்திருந்தது. பன்னிரண்டு வெள்ளி விசிறியோடு இன்றும் ஓடுகிறது.

முகமூடி, தோல் கையுறை, கிளாம்ப், கேபிள், குச்சிகள், தீயணைப்பான் என எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 260 வெள்ளி ஆயிற்று. இயந்திரத்தின் விலையைப்போல் இருமடங்குக்குச் சற்றே குறைவு. திறந்த இடமும், ஆண்டுக்கு இரண்டு மூன்று இரும்பு வேலைகளும் உள்ளவருக்கு இது தகும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் வாங்க வேண்டாம். பொங்கோலில் இருக்கும் என் தங்கை இரவல் கேட்டபோதும் மறுத்துவிட்டு, உடைந்த பொருளை இங்கே கொண்டுவரச் சொன்னேன்; பொதுத் தாழ்வாரத்தில் தெறிக்கும் ஒரு பொறி அண்டை வீட்டுச் செருப்பு அலமாரியைப் பற்ற வைக்கப் போதும். ஒரே ஒரு வேலை இருந்தால் சுங்கை காடுட் பட்டறைகளில் கேட்டுப் பார்ப்பது மலிவு.

மாடி பால்கனிக் கம்பித் தடுப்பில் ஒரு மூட்டு விட்டபோது நான் இயந்திரத்தை எடுக்கவில்லை. அதில் என் பிள்ளைகள் சாய்ந்து நிற்பார்கள். தொழில்முறை வெல்டரை அழைத்து, அவர் கேட்ட தொகையைக் கொடுத்தேன்.