விசைத்தறி ஊரில் ஆக்சிஜன் செறிவூட்டி: ஏழு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

சோமனூரில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தறி ஓட்டிய என் தந்தைக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றியதால், தினமும் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கோவையில் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 86, 87 என்றுதான் காட்டியது; தமனி இரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் அழுத்தம் 55 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தது. அந்த 15 மணி நேரம் ஏதோ உத்தேசக் கணக்கு அன்று. இந்த நிலையில் உள்ளவர்கள் அவ்வளவு நேரம் ஆக்சிஜன் எடுத்துக்கொண்டால் ஆயுள் கூடுகிறது என்பதை 1981-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே எந்தக் கருவியை வாங்குவதானாலும், இரவு முழுவதும் அது கைகொடுக்குமா என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் சிலிண்டர் வைத்துப் பார்த்தோம். பி வகைச் சிலிண்டரில் ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஒரு நாள் தேவைக்கே ஒரு சிலிண்டர் போதாது. நிரப்பி வர வண்டிக்கு அலைந்தே பத்து நாட்கள் போயின.

பிறகு, கான்சன்ட்ரேட்டர் என்று கடைகளில் சொல்லப்படும் நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் செறிவூட்டியை வாடகைக்கு எடுத்து, இரண்டு மாதம் பார்த்தபின் சொந்தமாகவே வாங்கினோம். அறைக் காற்றை இழுத்து, சியோலைட் என்னும் தாதுப்பொருளின் வழியே அழுத்தத்தோடு செலுத்தி, நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, 93 விழுக்காடு அளவுக்குத் தூய்மையான ஆக்சிஜனைத் தருவதே இதன் வேலை. நிரப்பும் தொல்லை இல்லை. பதினைந்து கிலோவுக்குக் குறையாத எடை, அடியில் சக்கரம், விடாத உறுமல். தூக்கம் கெடுமோ என்று நான் தயங்கியபோது, "அம்மிணி, தறிச் சத்தத்துலயே தூங்குனவனுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா?" என்றார் அப்பா.

நாங்கள் எதிர்பாராதது பஞ்சு. வாரம் ஒரு முறை வடிகட்டியைக் கழுவினால் போதும் என்று கையேட்டில் இருந்தது. தறிக்கூடத்தை ஒட்டிய எங்கள் வீட்டிலோ மூன்றாம் நாளே வடிகட்டியின் கறுப்பு ஸ்பாஞ்சுத் தகட்டின்மேல் வெள்ளைக் கம்பளி போர்த்தியதுபோல் நூல் தூசி அப்பிவிட்டது. நான்காம் நாள் மஞ்சள் விளக்கு எரிந்தது. பழுதுபார்க்க வந்த தம்பி, ஆக்சிஜனின் தூய்மையைக் காட்டும் அளவிமானியை வைத்துப் பார்த்தார். தூய்மை 84 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. வடிகட்டியைக் கழுவி நன்றாக உலர்த்திப் போட்டு, கருவியைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்து, தறிக்கூடத்துப் பக்கத்துச் சன்னலை அடைத்த பிறகு 93-க்குத் திரும்பியது. எந்தத் தூசி அப்பாவின் மார்பை அடைத்ததோ, அதே தூசிதான் அவருக்கு மூச்சுத் தரும் கருவியையும் அடைத்தது. அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் கழுவுகிறோம். பல்லடம், கருமத்தம்பட்டி, திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் மாற்று வடிகட்டி ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

மின்சாரம் தனிச் செலவு. 350 வாட் கருவி 15 மணி நேரம் ஓடினால் நாளுக்கு ஐந்தேகால் யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 315 யூனிட் கூடும். பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரத்தை நிறுத்தும் நாளில் எங்கள் இன்வெர்ட்டர் மூன்று மணி நேரம்தான் தாங்கியது. அதனால் ஒரு பி வகைச் சிலிண்டரை எப்போதும் நிரப்பியே வைத்திருக்கிறோம்.

தோளில் மாட்டிக்கொள்ளும் கையடக்கக் கருவியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விலை, வீட்டுக் கருவியைவிடப் பல மடங்கு. "ராத்திரிக்கும் இதுவே போதுங்க" என்று விற்பனையாளர் உறுதியாகச் சொன்னார். நல்லவேளையாக ஒரு வார வாடகைக்குத்தான் எடுத்தோம். இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலானவை, மூக்கால் மூச்சை இழுக்கும் நொடியில் மட்டும் ஒரு மடக்கு ஆக்சிஜனை விடும். அதில் உள்ள '2' என்ற எண் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று பொருள்படாது. அப்பா வாயைத் திறந்து தூங்குபவர். முதல் இரவே ஆக்சிமீட்டர் 83 காட்டியதைக் கண்டு, எழுந்து போய்ப் பெரிய கருவிக்கு மாற்றினேன். ஆனால் பகலில், கோபியில் நடந்த உறவினர் திருமணத்துக்கு அதே கருவியோடு காரில் போய், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார். மருத்துவமனைக்குப் போனதைத் தவிர, இரண்டு ஆண்டுகளில் அவர் ஊரைத் தாண்டிய முதல் நாள் அது. வெளியே போகும் நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பதே எங்களுக்குச் சரியாக வருகிறது.

மூச்சு வாங்குகிறதே என்று ஆக்சிஜன் அளவை நாமாகக் கூட்டிவிடக் கூடாது. இந்நோயாளிகள் சிலருக்கு அதனால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிவிடும். அப்பாவுக்கு ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று மருத்துவர் வரம்பு வைத்திருக்கிறார். கருவி ஓடும் அறையில் பீடி, சிகரெட், விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது. எங்கள் பூசை அலமாரியை அடுத்த அறைக்கு மாற்றிவிட்டோம்.

கொரோனாக் காலத்தில் வாங்கிப் பயன்படுத்தாமல் கிடக்கும் கருவிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. நெடுநாள் ஓடாமல் கிடந்தால் ஈரம் ஏறிச் சியோலைட் கெட்டிருக்கக்கூடும். வெளியே பளபளப்பாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். உங்களுக்குத் தேவையான லிட்டர் அளவில் அரைமணி நேரம் ஓடவிட்டு, அளவிமானியில் தூய்மையைப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.