ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின் 200: வருடக்கணக்கில் குடிப்பவர்களுக்கு

மூட்டுவாதத்துக்கும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோய்க்கும் கிளினிக்கில் எழுதித்தரும் இந்தக் குளிசைக்குப் பொறுமை வேண்டும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஆறு மாதம். "ஒரு மாசம் குடிச்சும் விரல் வீக்கம் அப்படியே இருக்கு" என்று நிறுத்துகிறவர்கள், மருந்து உடம்பில் நிரம்பும் முன்பே விடுகிறார்கள். உடம்பில் சேர்ந்ததில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 40 நாள் ஆகும். அதனால் ஒரு நாள் தவறினால் பயமில்லை, மறுநாள் இரட்டிப்பாகக் குடிக்கவும் வேண்டாம்.

லூபஸில், செத்த கலங்களின் டிஎன்ஏ, ஆர்என்ஏ துண்டுகளைக் கிருமி என்று எண்ணி டிஎல்ஆர் 7, டிஎல்ஆர் 9 என்ற ஏற்பிகள் அழற்சியைக் கிளப்புகின்றன. அவை இயங்குவது கலத்துக்குள் இருக்கும் அமிலப் பைகளில். மருந்து அங்கே சேர்ந்து அமிலத்தைத் தணிக்கிறது; அழற்சியைத் தூண்டும் இன்டர்ஃபெரோன் என்ற புரதம் குறைகிறது.

எங்கள் பக்கம் கவனிக்க வேண்டியது எடை. நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 40 கிலோ இருக்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு 200 மில்லிகிராம் குளிசை ஒன்றே முழு அளவு. தினமும் இரண்டு குடிக்க 80 கிலோ இருக்க வேண்டும். 60 கிலோ என்றால் ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு. குளிசையை உடைக்க வேண்டாம். எடை குறைந்தால் அளவையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய கொப்பியைப் பார்த்து அதே அளவைத் திரும்ப எழுதிவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

அளவு மீறினால் அடிபடுவது விழித்திரை. அந்தச் சேதம் திரும்பாது. முதல் வருடத்துக்குள் ஒரு கண் பரிசோதனை, ஐந்தாம் வருடத்திலிருந்து வருடாவருடம். சிறுநீரக நோய் இருந்தாலோ மார்புப் புற்றுநோய்க்கான டமொக்சிஃபென் குடித்தாலோ அதற்கு முன்பே தொடங்க வேண்டும். ஆசியர்களுக்குச் சேதம் பார்வை மையத்தைத் தாண்டியும் விழக்கூடும்; ஆகவே விழித்திரையைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனோடு அகலமான பார்வைப்புலச் சோதனையும் கேளுங்கள்.

வயிறு புரட்டினால் இரவுச் சாப்பாட்டோடு குடிக்கலாம். அசிடிட்டி மருந்துக்கும் இதற்கும் நான்கு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சீனி சட்டென்று இறங்கலாம்.

சுகமாகிவிட்டது என்று தானாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. 1991இல் வெளியான கனேடிய ஆய்வில், நிறுத்தியவர்களுக்கு லூபஸ் மீண்டும் கிளம்புவது 2.5 மடங்கு அதிகமாக இருந்தது. பிள்ளை உண்டானதும் பயத்தில் விடுகிறவர்களும் உண்டு. லூபஸ் உள்ள தாய் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் இதைத் தொடர்வதே தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு.