மண்வாயுவா, மண் மாதிரியா, கண்காணிப்புக் கிணறா? பெட்ரோல் கசிவை ஆராயும் முறைகள்: ஓர் ஒப்பீடு

நிலத்தடித் தொட்டியிலிருந்தோ குழாய் இணைப்பிலிருந்தோ கசியும் பெட்ரோல் மண்ணுக்குள் ஒரே வடிவில் இருப்பதில்லை. ஒரு பகுதி மண்துகள்களின் இடுக்குகளில் சிக்கிக்கொள்கிறது. ஒரு பகுதி ஆவியாகிப் பரவுகிறது. நீரைவிட அடர்த்தி குறைவு என்பதால், நிலத்தடி நீர்மட்டத்தை எட்டும் பகுதி அதன்மேல் தங்குகிறது. அதிலுள்ள பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகியவை கரைந்து நீரோட்டத்தோடு நகர்கின்றன. சிக்கியது, ஆவி, மிதப்பது, கரைந்தது என்ற இந்த நான்கு வடிவங்களையும் எந்த ஆய்வு முறையும் ஒருசேரக் காட்டாது. எனவே, முறைகளை ஒப்பிடுமுன் எந்த வடிவத்தைத் தேடுகிறோம் என்பதை முடிவுசெய்ய வேண்டும்.

செலவிலும் வேகத்திலும் மண்வாயு ஆய்வுக்கே முதலிடம். சிறு குழாய்களை மண்ணில் இறக்கி, உறிஞ்சிய காற்றை ஒளி அயனியாக்கக் கருவியில் செலுத்தினால், கசிவின் மையம் ஏறக்குறைய எங்கே என்பது ஒரே நாளில் பிடிபடும். ஆனால் அந்தக் கருவி ஆவிகளின் மொத்த அளவைத்தான் சொல்லும். அதில் பென்சீன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. களிமண் அடுக்கு ஆவியைத் தடுத்துவிடலாம். பிராணவாயு போதுமான அளவு உள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் பெட்ரோல் ஆவியைச் சிதைத்துவிடுவதால், ஆழத்தில் மாசு மிகுந்திருக்கும்போதே மேற்பரப்புக்கு அருகில் அளவீடு மிகக் குறைவாக வருவதும் உண்டு. ஆகவே அதிக அளவீட்டை நம்பலாம். குறைந்த அளவீட்டை வைத்து இடம் சுத்தமானது என்று எழுதிவிடக் கூடாது.

என் மதிப்பீட்டில், தொடர்ச்சியான மண் மாதிரி எடுப்பதே ஆய்வின் முதுகெலும்பு. எஃகுத் தண்டுகளை அழுத்தியும் அடித்தும் இறக்கும் எந்திரம், மண்ணைப் பிளாஸ்டிக் உறைக்குள் அடுக்கு குலையாமல் மேலே கொண்டுவருகிறது. உறையை நீளவாக்கில் கீறித் திறந்தால், பழுப்பு மணலுக்குக் கீழே சாம்பல் நிறம் ஏறிய ஒரு பட்டை தெரியும். பெட்ரோல் வாடையும் பெரும்பாலும் அங்கிருந்துதான் எழும். நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும்போது மிதக்கும் பெட்ரோலையும் மேலும் கீழுமாகப் பூசிவிடுவதால் உண்டாகும் பட்டை அது. இன்றைய நீர்மட்டத்துக்குக் கீழேயும் மாசு சிக்கியிருப்பதை இதில்தான் நேரடியாகப் பார்க்க முடிகிறது. ஒரு நிபந்தனை உண்டு: ஆய்வகத்துக்கு அனுப்பும் மண்ணை உடனுக்குடன் மெத்தனாலில் இட வேண்டும். திறந்த மண்ணிலிருந்து பென்சீன் ஆவியாகிப் போனபின் ஆய்வக அறிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. பாறையும் பெரிய கற்களும் நிறைந்த நிலத்தில் இந்த எந்திரம் இறங்காது; அங்கே சுழல் துளையிடல்தான் வழி.

மண்ணுக்குள் லேசர் ஒளி பாய்ச்சி, பெட்ரோல் ஒளிர்வதைப் பதிவுசெய்யும் லேசர் ஒளிர்வு ஆய்வுக்கோல் இதற்குப் போட்டியாக முன்வைக்கப்படுகிறது. மண்ணை மேலே எடுக்காமலே, ஆழவாரியாகத் தொடர்ந்து பதிவு தருவது அதன் பலம். ஆனால் அது கரையாத பெட்ரோலையே காணும், நீரில் கரைந்த பென்சீனைக் காணாது என்பதால், பரப்பு பெரிதாக இருந்தால் மட்டுமே நான் அதைப் பரிந்துரைப்பேன்.

கண்காணிப்புக் கிணறுகளின் இடத்தை வேறெந்த முறையும் நிரப்ப முடியாது. நீரோட்டத்தின் திசையை அறிய, ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளாவது வேண்டும். காலப்போக்கில் மாசு கூடுகிறதா குறைகிறதா என்பதையும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப எடுக்கும் நீர்தான் சொல்லும். ஆயினும் ஆய்வைக் கிணறுகளிலிருந்து தொடங்கும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கிணற்றுக்குள் நீரை வரவிடும் வடிப்புக்குழாயின் துளைப்பகுதி முழுதும் நீருக்குள் மூழ்கியிருந்தால், மிதக்கும் பெட்ரோல் கிணற்றுக்குள் வரவே வராது. துளைப்பகுதி மிக நீளமாக இருந்தால் மாசுநீரும் நன்னீரும் கலந்து அளவீடு குறைந்துவிடும். கிணற்றில் அளக்கும் பெட்ரோல் படலத்தின் தடிமனும் சுற்றியுள்ள மண்ணில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடுதலாகத் தெரியலாம். அதை அப்படியே பரப்பால் பெருக்கிக் கசிந்த அளவைக் கணக்கிடுவது தவறு.

நீர் மாதிரி எடுப்பதிலும் இரு வழிகள் உள்ளன. வாளிக்குழாயை இறக்கி அள்ளுவது மலிவு. ஆனால் அது நீரைக் கலக்கி, கரைந்த வாயுக்களை வெளியேற்றுகிறது. மெதுவாக இறைக்கும் பம்பு நேரம் பிடித்தாலும் நம்பகமானது. 40 மில்லிலிட்டர் குப்பியை விளிம்புவரை நிரப்பி, மூடி, தலைகீழாக்கித் தட்டும்போது குமிழி எழுந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வரம்பு 5 மைக்ரோகிராம். இவ்வளவு நுண்ணிய அளவில் ஒரு குமிழியையும் புறக்கணிக்க முடியாது.

நிதி குறைவாக இருந்தால், மண்வாயுவில் தொடங்கி, மண் மாதிரியில் பெரும்பங்கைச் செலவிட்டு, அதே துளைகளில் தற்காலிகமாக நீர் எடுத்துப் பார்த்து, அதன்பிறகே நிலையான கிணறுகளுக்கு இடம் குறிப்பேன். பெட்ரோலில் எம்.டி.பி.இ. என்ற ஆக்டேன் கூட்டும் சேர்மம் சேர்க்கப்பட்டிருந்தால் மட்டும், நீரோட்டம் செல்லும் திசையில் கிணறு ஒன்றை இன்னும் தொலைவில் வைக்க வேண்டும். அது நீரில் எளிதில் கரைந்து, மண்ணில் அதிகம் ஒட்டாமல், பென்சீனை முந்திச் செல்லும்.