யூ-போல்ட்டா, பட்டை கிளாம்ப்பா? பழைய காரின் சைலன்சருக்கு எது?

பழைய காரின் சைலன்சர் குழாய்களுக்கு எந்த கிளாம்ப் போடலாம் என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த இணைப்பை மறுபடி கழற்ற வேண்டி வருமா?

யூ-போல்ட் எல்லோருக்கும் பழகியது. வளைந்த கம்பி, எதிரே சேணம் மாதிரி ஒரு தகடு, இரண்டு நட். விலை குறைவு, பிடி உடும்புப்பிடி. வெளிக்குழாயோடு உள்குழாயும் சேர்ந்து நசுங்குவதால் வரும் பிடி அது. வம்பும் அங்கேதான். சில வருடம் கழித்து நட்டைக் கழற்றிய பிறகும் குழாய் அசையாது. உள்ளே விழுந்த பள்ளம் பூட்டுப் போட்டது போலப் பிடித்துக்கொள்ளும். அசல் குழாய் ஒன்றை அப்படிக் கிரைண்டரால் அறுத்து எடுத்திருக்கிறேன். இன்னமும் மனசு ஆறவில்லை.

பட்டை கிளாம்ப் குழாயைச் சுற்றிலும் ஒரே சீராக இறுக்கும், பள்ளம் விழாது, அலுங்காமல் கழற்றலாம். ஆனால் குழாய்கள் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். துருப்பிடித்துக் கோணிய குழாயில் கசியும். முதலில் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். குழாய்க்குள் குழாய் நுழையும் இணைப்புக்கு ஒரு வடிவம், முனையோடு முனை சேர்வதற்கு வேறு வடிவம். பார்த்து வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் மரையில் கொஞ்சம் செம்பு கிரீஸ் தடவ வேண்டும், இல்லாவிட்டால் நட் அப்படியே இறுகிவிடும்.

இன்னொரு வகை வீ-பேண்ட்: இரு குழாய் முனைகளிலும் உள்ள வளையங்களைச் சேர்த்துக் கவ்வும் பட்டை. கழற்ற மிகச் சுலபம். ஆனால் அந்த வளையங்களைக் குழாயில் வெல்டிங் செய்ய வேண்டும். அசல் குழாயில் அதைச் செய்ய எனக்கு மனம் வராது.

என் தேர்வு: என்ஜின் பக்க இணைப்புகளுக்குப் பட்டை. பின்னால் கண்ணில் படும் இடத்தில், காரின் காலத்துக்குப் பொருத்தமாக யூ-போல்ட், அளவாக இறுக்கி.

எதைப் போட்டாலும் உடனே இறுக்க வேண்டாம். முழுக் குழாயையும் தளர்வாக மாட்டி, என்ஜினைக் கையால் ஆட்டிப் பாருங்கள். குழாய் எதிலாவது இடித்தால் தெரியும். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் பக்கத்தில் தாராளமாக இடைவெளி இருக்கட்டும். போல்ட் முனை தரையைப் பார்க்கக் கூடாது. அப்புறம் முன்னாலிருந்து பின்னால் வரிசையாக இறுக்குங்கள்.

வெட்டவெளியில் என்ஜினை ஓட்டி, வால்முனையைத் தடித்த துணியால் ஒரு நொடி அடையுங்கள். எந்த இணைப்பில் 'புஸ்' என்று கேட்கிறதோ அங்கேதான் கசிவு. முதல் சூட்டில் கிளாம்ப் கொஞ்சம் தளரும். ஆறியதும் ஒருமுறை ஸ்பேனர் வையுங்கள்.