மெயில் சர்வர் மாற்ற வேண்டும் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

மட்டக்களப்பு டவுனில் ஒரு கொம்பியூட்டர் கடையில் என் அக்காவுக்கு நடந்தது இது. கடையின் பெயரை இங்கே போடவில்லை.

அக்கா கல்லடியில் சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறா. புக்கிங் எல்லாம் பழைய ஹொட்மெயில் முகவரிக்குத்தான் வரும், லப்டொப்பில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளைப் போட்டுப் பார்ப்பா. திடீரென்று பாஸ்வேர்ட் பிழை என்று காட்டத் தொடங்கியதும் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறா. "யாரோ ஹேக் பண்ணிட்டாங்க அக்கா, சர்வர் மாத்தோணும்" என்று 18,000 ரூபாய் வாங்கி, வருஷா வருஷம் புதுப்பிக்கவும் வேண்டுமென்று சொல்லி, பாஸ்வேர்டைப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி எடுத்திருக்கிறார்கள்.

ஹேக்கும் இல்லை ஒன்றும் இல்லை. வெறும் பாஸ்வேர்டை வைத்து வேறு மென்பொருளில் மெயில் எடுப்பதை, ஹொட்மெயிலை நடத்தும் மைக்ரோசொஃப்ட் 2024 செப்டம்பர் 16 முதல் நிறுத்திவிட்டது. சாதாரண ஜிமெயிலில் கூகிள் 2022 மே மாத முடிவிலேயே இதைச் செய்தது. இப்போது ஓஆத்2 என்ற முறை. பாஸ்வேர்டை மைக்ரோசொஃப்டின் பக்கத்தில் நீங்களே அடிப்பீர்கள், தண்டர்பேர்டுக்கு டோக்கன் என்ற ஒரு அனுமதிச் சீட்டு மட்டும் கிடைக்கும், வேண்டாமென்றால் அந்த டோக்கனை ரத்துச் செய்யலாம். பாஸ்வேர்ட் ஊர் சுற்றக்கூடாது என்பதற்காகவே வந்த மாற்றத்துக்குப் போய் பாஸ்வேர்டை எழுதி வாங்கினால் என்ன அர்த்தம்?

தண்டர்பேர்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸ், சர்வர் செட்டிங்ஸ் போய், ஓதென்டிகேஷன் மெதட் என்ற இடத்தில் 'நோர்மல் பாஸ்வேர்ட்' இருப்பதை 'ஓஆத்2' ஆக்க வேண்டும், மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி பக்கத்திலும் அதையே செய்ய வேண்டும். பிறகு லொகின் பக்கம் தானாகத் திறக்கும். வராவிட்டால் தண்டர்பேர்டில் குக்கீக்கு (இணையப் பக்கங்கள் சேமிக்கும் சிறு கோப்பு) அனுமதி இருக்கிறதா பாருங்கள். சல்லிக்காசு செலவில்லை.

கடைக்காரர் இதைத் தொடவே இல்லை. புதிதாக ஒரு ஜிமெயில் திறந்து, ஹொட்மெயிலுக்கு வருவதெல்லாம் அதற்குப் போகும்படி ஃபோர்வர்ட் போட்டு, அந்த ஜிமெயிலின் மீட்பு நம்பராக (பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கைத் திரும்ப எடுக்க உதவும் நம்பர்) தன் கடை நம்பரைக் கொடுத்திருக்கிறார். வெளிநாட்டு விருந்தினர் அனுப்பிய பாஸ்போர்ட் படங்கள் கூட அதற்குள் கிடந்தன. பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

இப்படி யாரிடமாவது செய்வித்திருந்தால் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றி, ஃபோர்வர்டிங், ரூல்ஸ் (வரும் மெயிலைத் தானாகக் கையாளும் விதிகள்), மீட்பு நம்பர் மூன்றையும் திறந்து பாருங்கள், தெரியாத எல்லா இடத்திலிருந்தும் சைன் அவுட் பண்ணுங்கள். பில் அக்காவிடம் பத்திரமாக இருக்கிறது, நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு கொடுக்கிறோம்.